கார்ட்டூம் நகரின் காவலர் ஜெனரல் கார்டன்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

‘பொறியாளர்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவை எவை? ஆற்றை மறிக்கும் அணை, இரு கரைகளை இணைக்கும் பாலம், வானளாவிய கட்டடம் ஆகியவைதாம். ஆனால் போர்க்களத்திலும் பொறியாளர்கள் உண்டு. படை நடக்கப் பாதை அமைப்பதும், ஆற்றைக் கடக்கப் பாலம் போடுவதும், கோட்டையை முற்றுகையிடும்போது எதிரியின் குண்டுமழைக்கு நடுவே பதுங்குகுழி வெட்டுவதும், கண்ணிவெடி புதைப்பதும் இவர்களுடைய வேலை. ஆங்கிலேயப் படையில் இப்பிரிவுக்கு ‘ராயல் எஞ்சினியர்ஸ்’ என்று பெயர். இவர்களைச் ‘சாப்பர்’ என்றும் அழைப்பர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட நம்முடைய ‘மதராஸ் சாப்பர்ஸ்’ படையும் இவ்வகையைச் சேர்ந்ததே. அப்படையினருக்குத் ‘தம்பி’ என்ற செல்லப்பெயர் உண்டு என்பதைத் தோழியர் பலர் அறிந்திருக்கக்கூடும்.

அத்தகைய பொறியாளர் படை அதிகாரி ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் பெயர் சார்லஸ் ஜார்ஜ் கார்டன். ஆப்பிரிக்காவில் நைல் நதிக்கரையில் உள்ள கார்ட்டூம் நகரில் 1885-ஆம் ஆண்டு உயிர்நீத்தார். ‘அவர் மாவீரர், கிறிஸ்தவத் தியாகி’ என்று போற்றியவர்கள் பலர். ‘மேலிடத்துக் கட்டளைக்குக் கீழ்ப்படியாத பிடிவாதக்காரர்’ என்று குறை கூறியவர்களும் உண்டு. இவ்விரண்டில் எது உண்மை? அவருடைய வாழ்க்கையைப் பார்த்துவிட்டு நாமே முடிவு செய்வோம்.

பிறப்பும் பயிற்சியும்

கார்டன் 1833-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள் லண்டனை அடுத்த வூலிச் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை பீரங்கிப் படை அதிகாரி. வீட்டில் குழந்தைகள் பதினொருவர். அவர்களுள் அகஸ்டா என்னும் மூத்த சகோதரியிடம் கார்டனுக்கு அளவற்ற பாசம். எந்த நாட்டில் இருந்தாலும் தம் மனத்தில் உள்ளதையெல்லாம் அவருக்குக் கடிதமாக எழுதிவிடுவார். இன்று நாம் கார்டனின் உள்ளத்தை அறிய முடிவது பெரும்பாலும் அக்கடிதங்களால்தான்.

பெரியோர் அனைவரும் சிறு வயதிலேயே நற்குணம் நிறைந்தவர்களாக இருந்தார்கள் என்றே நாம் படிக்கிறோம். கார்டன் அப்படியல்லர். வூலிச் இராணுவக் கல்லூரியில் அவர் குறும்புக்காரர், முன்கோபி. தம்மினும் இளைய மாணவன் ஒருவனை அடித்ததற்காக, அவர் பயிற்சியை முடித்து வெளிவருவது ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. தந்தையைப் போலப் பீரங்கிப் படையில் சேரவேண்டியவர் 1852-ஆம் ஆண்டு பொறியாளர் படையில் சேர்ந்தார். அடுத்து வேல்ஸ் நாட்டில் பெம்புரோக் என்னும் ஊரில் கோட்டை கட்டும் பணி. அங்கு இருந்த காலத்தில்தான் அவருக்கு இறைப்பற்று ஆழமாக வேரூன்றியது. அவர் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் நாள் தவறாமல் விவிலியம் வாசிப்பதும், மற்றவர்களுக்காக மன்றாடுவதும் இறுதிவரை அவருடைய வழக்கமாக இருந்தன.

கிரிமியாவும் சீனாவும்

1855-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கார்டன் கிரிமியப் போருக்குச் சென்றார். அங்கு செவஸ்தபோல் கோட்டையை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முற்றுகையிட்டிருந்தனர். உறையும் குளிரில், எதிரியின் மிக அருகே குழி வெட்டும் வேலை அவருக்கு. எதிரியின் அரண் எங்கே வலிமையாக இருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று கண்டறிவதில் அவர் சிறந்து விளங்கினார். முற்றுகை என்றால் என்ன என்பதை அவர் கற்றது இங்குதான். அன்று அவர் கோட்டைக்கு வெளியே நின்றார். முப்பது ஆண்டுகள் கழித்துக் கோட்டைக்கு உள்ளே நிற்கப்போகிறோம் என்று அவர் நினைத்திருப்பாரா?

1860-ஆம் ஆண்டு சீனாவுக்கு அனுப்பப்பட்டார். பீக்கிங் நகருக்கு அருகில் இருந்த பேரரசரின் கோடைக்கால அரண்மனையை ஆங்கிலப் படை தீயிட்டு அழித்தபோது அவரும் அங்கு இருந்தார். அத்துணை அழகிய மாளிகைகளை எரிப்பது நெஞ்சை வருத்துகிறது என்று தாயாருக்கு எழுதினார். வருந்தினாரே ஒழிய, அவரும் அந்தப் படையில் ஒருவர்தாம் என்பதை நாம் மறக்கலாகாது.

அப்போது சீனாவில் ‘தைப்பிங்’ கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அதை அடக்க ஷாங்காய் நகரில் திரட்டப்பட்ட ‘என்றும் வெல்லும் படை’க்கு 1863-இல் கார்டன் தலைவரானார். படையை நடத்தும்போது அவர் கையில் வாள் இராது. ஒரு பிரம்பு மட்டுமே இருக்கும். வீரர்கள் அதை ‘வெற்றிக்கோல்’ என்றனர். சூச்சௌ நகரில் சரணடைந்த கிளர்ச்சித் தலைவர்களின் உயிருக்குத் தீங்கு வராது என்று அவர் வாக்களித்திருந்தார். ஆனால் சீன அதிகாரிகள் அவர்களைக் கொன்றுவிட்டனர். தாம் கொடுத்த வாக்கு பொய்யாகிவிட்டதே என்று கார்டன் கொதித்தார். பேரரசர் அனுப்பிய பெரும் பணப் பரிசையும் ஏற்க மறுத்துவிட்டார். பின்னாளில் அவர் கார்ட்டூம் நகரில் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு திறவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏழைச் சிறுவர்களின் தோழர்

1865 முதல் 1871 வரை ஆறு ஆண்டுகள் தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தை அடுத்த கிரேவ்ஸெண்ட் நகரில் கோட்டைகள் கட்டும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. பகலில் கோட்டை வேலை. மாலையில் ஏழைகளின் பணி. கந்தை உடுத்திய சிறுவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து உணவளித்தார், உடை வாங்கிக் கொடுத்தார், எழுதப் படிக்கக் கற்பித்தார், கப்பல்களில் வேலை தேடிக் கொடுத்தார். ‘என் அரசர்கள்’ என்று அவர்களை அழைப்பாராம். வீட்டுச் சுவரில் உலகப் படம் ஒன்று தொங்கும். எந்தச் சிறுவனின் கப்பல் எந்தக் கடலில் போகிறதோ அங்கே ஒரு குண்டூசி குத்தி வைத்து, அதைப் பார்த்து அவனுக்காகச் செபிப்பார். தம் சம்பளத்தில் பெரும்பகுதியை இவ்வாறே செலவிட்டார். அவருடைய வீரச் செயல்களைவிட அந்தக் குண்டூசிகளே என் நெஞ்சைத் தொட்டன.

சூடானும் அடிமை வணிகமும்

அந்நாளில் சூடான் நாடு எகிப்தின் ஆட்சியில் இருந்தது. எகிப்தின் மன்னருக்குக் ‘கெதிவ்’ என்று பட்டம். அவருடைய அழைப்பின்பேரில் 1874-ஆம் ஆண்டு கார்டன் சூடானின் தென்கோடி மாநிலத்துக்கு ஆளுநராகச் சென்றார். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் சம்பளம் தருவதாகச் சொன்னபோது, இரண்டாயிரம் போதும் என்றார்! நைல் நதியில் நீர்வீழ்ச்சிகள் குறுக்கிடும் இடங்களில் நீராவிப் படகுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோய், அப்பால் மறுபடியும் பூட்டினார். நதியின் போக்கை அளந்து படம் வரைந்தார். 1877-இல் சூடான் முழுமைக்கும் தலைமை ஆளுநரானார்.

அந்த நாட்டைப் பிடித்திருந்த பெருநோய் அடிமை வணிகம். வணிகர்கள் ஆயுதம் ஏந்திய கூட்டத்தோடு சிற்றூர்களுக்குள் புகுந்து, ஆண், பெண், குழந்தைகளைப் பிடித்துச் சங்கிலியால் பிணைத்துப் பாலைவனம் வழியே ஓட்டிச் சென்று சந்தையில் விற்றனர். வழியில் பசியாலும் தாகத்தாலும் மாண்டவர் ஏராளம். கார்டன் ஒட்டகத்தின்மேல் ஏறிப் பல்லாயிரம் மைல் அலைந்து இக்கூட்டங்களைத் துரத்தினார். ஒருமுறை, எதிர்த்து நின்ற ஆயிரக்கணக்கான அடிமை வணிகரின் பாசறைக்குள் மிகச் சிறிய துணையுடன் நுழைந்து, அவர்களைப் பணியச் செய்தார்.

உடல் தளர்ந்து 1880-இல் பதவியை விட்டார். அதே ஆண்டு இந்தியாவின் புதிய வைசிராய் ரிப்பன் பிரபுவின் அந்தரங்கச் செயலாளராக நம் நாட்டுக்கும் வந்தார். ஆனால் அலுவலக உபசாரங்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. பம்பாயில் வந்திறங்கிய சில நாள்களிலேயே பதவியைத் துறந்துவிட்டார். 1883-இல் புண்ணிய பூமியான எருசலேமில் தங்கி, விவிலிய இடங்களை ஆராய்ந்து காலம் கழித்தார்.

மஹ்தியின் எழுச்சி

இதற்கிடையே சூடானில் பெரும் புயல் எழுந்தது. முகம்மது அகமது என்பவர் 1881-ஆம் ஆண்டு தம்மை ‘மஹ்தி’, அதாவது இறைவனால் வழிநடத்தப்படுபவர், என்று அறிவித்தார். கடும் வரிகளாலும் எகிப்திய அதிகாரிகளின் கொடுமைகளாலும் நொந்திருந்த மக்கள் அவர் பின் திரண்டனர். 1883-ஆம் ஆண்டு நவம்பரில் ஹிக்ஸ் என்னும் ஆங்கிலேயர் நடத்திச் சென்ற ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கொண்ட எகிப்தியப் படையை மஹ்தியின் படை அடியோடு அழித்தது. இன்றும் சூடான் மக்களுள் பலர் மஹ்தியை அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்ற தலைவராகவே மதிக்கின்றனர். அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்ற நாம் அதைப் புரிந்துகொள்ள முடியும் அல்லவா?

சூடானைக் கைவிட்டுவிடுவது என்று பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் அரசு முடிவு செய்தது. அங்கிருந்த எகிப்தியப் படைகளையும் அலுவலர்களையும் எப்படிப் பத்திரமாக வெளியேற்றுவது? பத்திரிகைகள் ‘கார்டனை அனுப்புக’ என்று முழங்கின. 1884-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் லண்டனை விட்டுப் புறப்பட்ட கார்டன், சரியாக ஒரு மாதத்தில், பிப்ரவரி 18-ஆம் நாள் கார்ட்டூம் நகரை அடைந்தார். மக்கள் ஆரவாரத்துடன் வரவேற்றனர். அவர் வரிக் கணக்குகளையும் சாட்டைகளையும் பொதுவிடத்தில் எரித்தார். சிறையில் வாடியவர்களை விடுவித்தார்.

ஆனால் இன்னொன்றும் செய்தார். அடிமைகளை வைத்திருப்பவர்களைத் தொந்தரவு செய்வதில்லை என்று ஓர் அறிக்கை வெளியிட்டார். மக்களின் ஆதரவைப் பெறவும், மஹ்தியின் பக்கம் அவர்கள் போகாமல் தடுக்கவும் இவ்வாறு செய்தார் என்பர். இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எந்தக் கொடுமையை ஒழிக்க உடலை வருத்தினாரோ, அதற்கே இடம் கொடுத்துவிட்டாரே என்று வருத்தமாக இருந்தது. பெரியவர்களும் தவறுவார்கள் என்பதை மறைக்காமல் எழுதுவதே முறை.

முற்றுகை

பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் என்று சுமார் 2,500 பேரை நதி வழியே எகிப்துக்கு அனுப்பி வைத்தார். மார்ச் நடுவில் தந்திக்கம்பி அறுக்கப்பட்டது. மஹ்தியின் படை நகரைச் சூழ்ந்தது. உள்ளே இருந்தவர்கள் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

கார்டன் ஒரு பொறியாளர் என்பது இப்போதுதான் விளங்கிற்று. கார்ட்டூம் நகரத்தின் அமைப்பைச் சற்று மனத்தில் வரைந்து பாருங்கள். கிழக்கிலிருந்து நீல நைல், தெற்கிலிருந்து வெள்ளை நைல். இரண்டும் கூடும் மூலையில் நகரம். இரு புறமும் நதியே அரண். தெற்குப் புறம் மட்டும் திறந்த வெளி. அங்கே ஒரு நதியிலிருந்து மற்ற நதி வரை அகழியும் மண்மதிலும் இருந்தன. அவற்றைக் கார்டன் பலப்படுத்தினார். தகரப் பெட்டிகளில் வெடிமருந்தை நிரப்பி, மிதித்தால் வெடிக்கும்படி மண்ணில் புதைத்தார். கால்களைச் சிக்கவைக்கும் கம்பிகளைக் கட்டினார். உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் இரும்பு முட்களையும் பரப்பினார். சிறிய நீராவிப் படகுகளுக்கு இரும்புத் தகடும் மரக்கட்டையும் அடித்துப் போர்க்கப்பல்களாக மாற்றினார். காசு தீர்ந்தபோது தம் கையொப்பமிட்ட காகிதப் பணத்தை வெளியிட்டார். மக்கள் மனம் தளராதிருக்கப் பதக்கங்கள் வார்த்துக் கொடுத்தார். அரண்மனை மாடியில் தொலைநோக்கியோடு நாள்தோறும் வடதிசையைப் பார்த்திருந்தார்.

செப்டம்பரில், நகரின் நிலையை வெளியுலகுக்குத் தெரிவிக்கத் தம் துணைவரான கர்னல் ஸ்டூவர்ட்டை ஒரு நீராவிப் படகில் அனுப்பினார். அப்படகு பாறையில் மோதி நின்றது. கரையேறியவர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டனர். இத்துயரச் செய்தியைக் கார்டனுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தவர் மஹ்தியே! சரணடையுமாறும், தம் சமயத்தைத் தழுவுமாறும் மஹ்தி பலமுறை எழுதினார். கார்டன் மறுத்துவிட்டார். டிசம்பர் 14-ஆம் நாள் தம் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தை எழுதி, படகில் அனுப்பி வைத்தார். பத்து நாளில் உதவி வராவிட்டால் நகரம் வீழக்கூடும் என்பதே அதன் சாரம்.

தானியம் தீர்ந்தது. கழுதை, நாய் இவற்றின் இறைச்சியையும் மரப்பிசினையும் தின்னும் நிலை வந்தது. விரும்பியவர்கள் வெளியேறலாம் என்று கார்டன் அனுமதித்து, அவர்களை அன்பாக நடத்துமாறு மஹ்திக்கே எழுதினார். பலர் வெளியேறினர். கார்டன் வெளியேறவில்லை.

இரண்டு நாள் தாமதம்

உதவிப் படை அனுப்பக் கிளாட்ஸ்டன் அரசு பல மாதம் தயங்கிற்று. ஆகஸ்டு மாதத்தில்தான் பணம் ஒதுக்கப்பட்டது. வூல்ஸ்லி பிரபுவின் தலைமையில், நூற்றுக்கணக்கான படகுகளுடன் படை நைல் நதியில் மெல்ல மெல்ல ஏறி வந்தது. படகு செலுத்துவதற்கென்றே கனடாவிலிருந்து ஏறக்குறைய நானூறு பேர் வந்திருந்தனர். ஒரு பிரிவு பாலைவனத்தைக் குறுக்காகக் கடந்து, அபூ கிளியா என்னும் இடத்தில் 1885 ஜனவரி 17-ஆம் நாள் கடும்போர் செய்து நதிக்கரையை அடைந்தது. கார்டன் அனுப்பியிருந்த படகுகள் ஜனவரி 21-ஆம் நாள் அவர்களைச் சந்தித்தன. ஆயினும் அவர்கள் கார்ட்டூம் நோக்கிப் புறப்பட்டது 24-ஆம் நாள்தான்.

நைல் நதியில் குளிர்காலத்தில் நீர் வற்றும். வெள்ளை நைலின் ஓரத்தில் அகழியை மூடியிருந்த வெள்ளம் வடிந்தபோது, மண்மதில் கரைந்துபோன ஓர் இடைவெளி தெரிந்தது. பட்டினியால் மெலிந்த வீரர்களுக்கு அதைச் செப்பனிட வலிமை இல்லை. ஜனவரி 26-ஆம் நாள், விடியுமுன் இருளில், மஹ்தியின் படை அவ்வழியே உட்புகுந்தது. சில மணி நேரத்தில் நகரம் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். கார்டன் அரண்மனையில் கொல்லப்பட்டார். படிக்கட்டின்மேல் அமைதியாக நின்று ஈட்டியை ஏற்றார் என்பர் சிலர். கடைசிவரை போரிட்டு வீழ்ந்தார் என்பர் வேறு சிலர். அவருடைய தலை மஹ்தியிடம் கொண்டு செல்லப்பட்டது. உடல் அடக்கம் செய்யப்பட்ட இடம் எவருக்கும் தெரியாது.

உதவிப் படகுகள் கார்ட்டூம் நகரைக் கண்ணால் கண்டது ஜனவரி 28-ஆம் நாள். அரண்மனையின்மேல் கொடி இல்லை. அவற்றை நடத்தி வந்த சர் சார்லஸ் வில்சனும் ராயல் எஞ்சினியர்ஸ் அதிகாரியே. அன்றைய தேதியைக் கவனித்தீர்களா, தோழியரே? அன்று கார்டனுக்கு ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள்.

செய்தி கேட்டு இங்கிலாந்து கண்ணீர் வடித்தது. விக்டோரியா மகாராணி அகஸ்டாவுக்குத் தம் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதினார். அகஸ்டா, தம்பியின் விவிலியத்தை மகாராணிக்கு அளித்தார். அதே ஆண்டு மார்ச் 22-ஆம் நாள், சூடானின் கடற்கரைப் பகுதியில் தோஃப்ரெக் என்னும் இடத்தில் நடந்த போரில் நம் மதராஸ் சாப்பர்களும் போரிட்டு இரத்தம் சிந்தினர். கார்டன் பெயரால் ஏழைச் சிறுவர்களுக்கு ஓர் இல்லம் நிறுவப்பட்டது. அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்களுள், அவர் மிகவும் விரும்பியிருக்கக்கூடியது அதுவே.

வீரரா, பிடிவாதக்காரரா?

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அவருக்கு இடப்பட்ட கட்டளை, மக்களை வெளியேற்றிவிட்டுத் திரும்பு என்பதே. அவரோ நகரைக் காத்து நின்றார். நீராவிப் படகில் ஏறித் தாம் மட்டும் தப்பியிருக்க முடியும். கீழ்ப்படிதலே தலைசிறந்த புண்ணியம் என்று நம் அருட்சகோதரிகள் கற்பிக்கின்றனர். அப்படியானால் கார்டன் செய்தது தவறா?

நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். அவர் செய்தது முழுவதும் சரி என்று என்னால் கூற முடியவில்லை. முன்னரே நகரை ஒப்படைத்திருந்தால் பல உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும் என்று கூறுவோர் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்மை நம்பிய மக்களிடம், ‘நான் போகிறேன், நீங்கள் இருங்கள்’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சூச்சௌ நகரில் தம் வாக்கு பொய்த்த அந்த வேதனையை அவர் மறக்கவில்லை போலும். கட்டளையைக் காற்றில் விட்டது குறை. தம்மை நம்பியவர்களோடு பசித்திருந்து, அவர்களோடு மடிந்தது நிறை. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன என்பதே என் முடிவு.

ஒரு சிறுமியின் கதை

இக்கட்டுரையை முடிக்குமுன் இன்னொருவரையும் நினைவுகூர வேண்டும். கார்டன் சூடானின் தலைமை ஆளுநராக இருந்த காலத்தை ஒட்டி, டார்பூர் பகுதியில் ஒரு சிறுமி அடிமை வணிகர் கையில் சிக்கினாள். அச்சத்தால் அவள் தன் பெயரையே மறந்தாள். ‘பக்கிதா’ என்று அவர்களே பெயரிட்டார்கள். அதற்கு ‘பாக்கியசாலி’ என்று பொருள்! பலமுறை விற்கப்பட்டு, உடலெல்லாம் தழும்புகளோடு கார்ட்டூம் வந்து சேர்ந்தாள். 1883-இல் இத்தாலியத் தூதர் ஒருவர் அவளை வாங்கினார். நகரம் வீழுமுன் அவர் ஊர் திரும்பியபோது, பக்கிதாவும் மன்றாடி உடன் சென்றாள். வெனிஸ் நகரில் கனோசியன் கன்னியரிடம் மறைக்கல்வி கற்றாள். 1889-இல் இத்தாலிய நீதிமன்றம் அவள் அடிமையல்லள் என்று தீர்ப்பளித்தது. 1890-இல் திருமுழுக்குப் பெற்று, 1896-இல் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். 1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் இறையடி சேர்ந்தார். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைப் புனிதையாக உயர்த்தினார்.

பீரங்கியும் படகும் கொண்ட தலைமை ஆளுநரால் அச்சிறுமியைக் காக்க முடியவில்லை. ஆயினும் எந்தக் கொடுமையை எதிர்த்துக் கார்டன் பாலைவனத்தில் அலைந்தாரோ, அதன் முகம் எப்படியிருந்தது என்பதைப் புனித பக்கிதாவின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. தம்மைத் துன்புறுத்தியவர்களையும் மன்னித்த அவருடைய அன்பு, வாளாலும் வெடிமருந்தாலும் வெல்ல முடியாததை வென்றது.

அன்புத் தோழியரே! நாம் அனைவரும் கோட்டை கட்டப்போவதில்லை. நகரங்களைக் காக்கப்போவதும் இல்லை. ஆனால் நம்மை நம்பியவர்கள் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. தம்பி தங்கையர், முதிய பாட்டி, பாடம் புரியாத பக்கத்து இருக்கைத் தோழி எனப் பலர் நம்மை நோக்கியிருக்கின்றனர். அவர்களைப் பாதியில் விட்டு விலகாதிருப்போம். கார்டன் வீட்டுச் சுவரில் இருந்த உலகப் படத்தைப் போல, நம் உள்ளத்திலும் ஒரு படம் தொங்கட்டும். அதில் நாம் மன்றாடவேண்டியவர்களின் பெயர்கள் குண்டூசிகளாய் நிறையட்டும்!